எக்ஸ்எல் மொபெட்டுக்கு லைசென்ஸ் வேண்டாமாமே? பையனுக்கு முதல் வண்டி, திருமங்கலம் – பசுமலை

11 மே 2025 – திருமங்கலம்காரன்
பையன் ப்ளஸ் டூ முடிச்சாச்சு. ஜூன்ல பசுமலைப் பக்கம் காலேஜ். வீடு திருமங்கலத்துக்குத் தெற்கே 4 கிலோமீட்டர் உள்ள. ஒரு போக்கு 18 கிலோமீட்டர் வரும். வயசு 17, செப்டம்பர்ல 18 முடியுது. எக்ஸ்எல் மொபெட்தானே, அதுக்கு லைசென்ஸ் தேவையில்ல, 16 ஆனாப் போதும்னு ஊர்ல நாலு பேர் சொல்றாங்க. பட்ஜெட் 90,000. பையன் 200 சிசி வண்டி படத்தை போன்ல முகப்புல வச்சிருக்கான். அதைப் பத்தி இங்க யாரும் பேச வேண்டாம்.

11 மே 2025 – பத்துபன்னெண்டு
அந்த நாலு பேரும் தப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 4ஆம் பிரிவுல 16 வயசுக்கு விலக்கு இருக்கு, ஆனா அது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். அதுக்கும் லைசென்ஸ் எடுக்கணும். இப்போ விக்கிற எக்ஸ்எல் 100 எவ்வளவுன்னு பாருங்க: 99.7 சிசி. மொபெட்டுங்கிறது நாம கூப்பிடுற பேர், சட்டம் பாக்கிறது சிசி. 50க்குள்ள புது பெட்ரோல் வண்டி இன்னைக்கு எந்த ஷோரூம்லயும் இல்ல. அதனால 17 வயசுப் பையனுக்குப் புதுசா வாங்க பெட்ரோல் வண்டின்னு ஒண்ணு கிடையாது. செப்டம்பர் வரைக்கும் பஸ்தான்.

மாட்டினா என்ன ஆகும்னு அடுத்த கேள்வி வரும். 2019 திருத்தத்துல வந்த 199ஏ பிரிவு: பெத்தவங்க அல்லது வண்டி ஓனர் மேல வழக்கு, 25,000 அபராதம், 3 வருஷம் வரை ஜெயில், வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், கூடக் கிடையாது. நாலு மாசம் பொறுக்காம ஏழு வருஷத்தைத் தொலைக்கிற கணக்கு அது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி யாரையாவது இடிச்சா, கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துட்டு அதே தொகையை உங்ககிட்ட வசூல் பண்ண வரும்.

11 மே 2025 – திருமங்கலம்காரன்
அப்போ மாமனார் வீட்டுத் தொழுவத்துல ஒரு பழைய டிவிஎஸ் 50 நிக்குது. அது 50தானே?

11 மே 2025 – பத்துபன்னெண்டு
ஆர்சி புக்கை எடுத்து சிசி கட்டத்தைப் பாருங்கண்ணே. 1911ல மதுரையில பஸ் விட ஆரம்பிச்ச கம்பெனியோட வாரிசு, 1980ல வந்த வண்டி. அந்தப் பேர் நம்ம ஊர்ல எல்லா மொபெட்டுக்கும் ஒட்டிக்கிச்சு. தொழுவத்துல நிக்கிறதுல பாதிக்கு மேல 70 சிசி எக்ஸ்எல்லாத்தான் இருக்கும், அது 69.9. விலக்குல வராது.

நிஜமாவே 50க்குள்ள இருந்தாலும் 15 வருஷம் தாண்டியிருக்கும். பதிவைப் புதுப்பிக்கணும், அதுக்கு வண்டி ஆர்டிஓ ஆபீஸ்ல ஓடிக் காட்டணும். டூ ஸ்ட்ரோக், ஆயில் கலந்து ஊத்தணும், பிரேக்னு ஒண்ணு பேருக்கு இருக்கும். கோழி முட்டையிடட்டும், விட்டுருங்க.

நாளைக்கு அழகர் ஆத்துல இறங்குறார். பதில் மெதுவாத்தான் வரும்.

13 மே 2025 – பத்துபன்னெண்டு
18 ஆனப்புறம் எந்த வண்டிங்கிறதுக்கு வர்றேன். வண்டியைப் பாக்கிறதுக்கு முன்னாடி வழியைப் பாருங்க. மொத்த 18 கிலோமீட்டரையும் இல்ல, அதுல இருக்கிற மோசமான ஒரு கிலோமீட்டரை. அந்த ஒரு கிலோமீட்டர் எந்த வண்டியைக் கேக்குதோ அதுதான் வாங்க வேண்டிய வண்டி.

உங்க வழியில மூணு துண்டு இருக்கு. முதல் 4 கிலோமீட்டர் கிராமத்து ரோடு: பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, ரோட்டுல காயப்போட்ட உளுந்து, ஓரத்துல கருவேல முள். அடுத்து திருமங்கலத்துல இருந்து கப்பலூர் வரை நாலுவழிச் சாலை, சுற்றுச்சாலை பிரியற இடம், சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போற லாரி. கடைசி துண்டு திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை. பஸ் நிறுத்தம், ஷேர் ஆட்டோ, திடீர்னு கதவைத் திறக்கிற கார். அது மெதுவான ரோடு, ஆனா நொடிக்கு நொடி பிரேக்.

பையன் காலையில வடகிழக்கே போறான், சாயங்காலம் தென்மேற்கே திரும்புறான். ரெண்டு நேரமும் வெயில் முகத்துல. அவனுக்கு மட்டுமில்ல, அவன் பின்னால வர்ற லாரிக்காரருக்கும் அதே வெயில்தான் கண்ணுல. பின் லைட்டும் பின் பக்கத்து ரிஃப்ளெக்டரும் அதனாலதான் முக்கியம். கலர் ஸ்டிக்கர் ஒட்டி அதை மறைக்க விடாதீங்க.

வேகக் கணக்கு ஒண்ணு. 40ல போறவன் ஆபத்தைப் பாத்து பிரேக் தொடவே ஒரு செகண்ட், அதுல 11 மீட்டர் போயிரும். காஞ்ச தார் ரோட்டுல நல்லா பிடிச்சா நிக்க இன்னும் 12 மீட்டர். மொத்தம் 23. அதே 60ல போனா 17ம் 28ம், 45 மீட்டர். வேகம் ஒண்ணரை மடங்கு, தூரம் ரெண்டு மடங்கு. புதுக் கைக்கு அந்த ஒரு செகண்ட் பத்தாது, அதனால நிஜத்துல இன்னும் கூடும்.

என் கணக்குல எக்ஸ்எல் 100 போதும். எடை 90 கிலோவுக்குள்ள, 16 அங்குல சக்கரம், ஆசைப்பட்டாலும் 60ஐத் தாண்டாது.

13 மே 2025 – வாடிப்பட்டி
60ஐத் தாண்டாதுங்கிறதை நல்ல குணம்னு எழுதியிருக்கீங்க. நாலுவழிச் சாலையில அது கெட்ட குணம்ணே.

14 மே 2025 – அவனியாபுரம்
லைசென்ஸே வேண்டாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருக்கே, பக்கத்து வீட்டுப் பொண்ணு ஓட்டுது. அதை வாங்கிக் கொடுத்தா செப்டம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டாமே?

14 மே 2025 – பத்துபன்னெண்டு
இருக்குக்கா. மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25க்குள்ள இருந்தா அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்ல. நம்பர் பிளேட், லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஏதர், ஐக்யூப் மாதிரி வண்டியெல்லாம் இதுல சேராது, அதுக்கு 18ம் லைசென்சும் வேணும்.

அவனியாபுரத்துக்குள்ள ட்யூஷன் போக, கடைக்குப் போக அந்த 25 வண்டி சரி. திருமங்கலம் அண்ணனுக்குச் சரிவராது. 18 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவும் லாரி போற ரோட்டுல 25ல. பாலம் ஏறும்போது பின்னால ஒரு ஆள் இருந்தா நடக்கிற வேகத்துக்கு வந்துரும்.

வாங்குறவங்க பாக்க வேண்டியது பேட்டரி. விலை கம்மியா இருந்தா லெட் ஆசிட், நாலு பேட்டரி சேர்ந்து 25 கிலோவுக்கு மேல கனக்கும். சார்ஜ் இறங்கின நிலையில ரெண்டு வாரம் நிறுத்தினா உள்ள தகட்டுல சல்பேட் படிஞ்சு பாதி உயிர் போயிரும். லீவுக்கு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி முழுசா சார்ஜ் ஏத்திட்டுப் போகணும். லித்தியமா லெட் ஆசிடான்னு பில்லுல எழுதி வாங்குங்க.

இன்னொண்ணு. ‘இந்த ஒயரைக் கழட்டிவிட்டா 45 போகும்’னு கடையிலேயே சொல்லுவாங்க. கழட்டின நிமிஷமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். விலக்கு போச்சு, மேல சொன்ன 199ஏ வந்து உக்காந்துக்கும்.

16 மே 2025 – பத்துபன்னெண்டு
வாடிப்பட்டி சொன்னதை யோசிச்சேன். அவர் சொல்றதுதான் சரி.

எக்ஸ்எல் நிம்மதியா ஓடுறது 40, 45ல. 55க்கு மேல எஞ்சின் கத்தும், ஹேண்டில் அதிரும். நாலுவழிச் சாலையில இடது ஓரத்துல 45ல போறவனை ஒவ்வொரு லாரியும் பஸ்சும் முந்திக்கிட்டுத்தான் போகும். ஒவ்வொரு முந்தலும் ஒரு காத்து அடி. 90 கிலோ வண்டி, 55 கிலோ பையன், அந்தக் காத்துல அரை அடி நகரும். முன்னால போற டிராக்டரைத் தாண்டக் கையிருப்பும் இருக்காது. 13ஆம் தேதி எழுதினதை இந்த வழிக்கு மட்டும் வாபஸ் வாங்குறேன்.

கிராமத்துல இருந்து பக்கத்து டவுனுக்கு 6, 7 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை குறுக்க வராதுன்னா எக்ஸ்எல்லை அடிச்சுக்க ஆள் இல்ல. கியர் இல்ல, கிளட்ச் இல்ல. முன்னால மூட்டை வைக்கலாம், அதுக்காகத்தான் பாதி வீட்டுல வாங்குறதே. காலேஜுக்குப் போற பையன் தலையில ‘அப்படியே ரெண்டு சிப்பம் தவிடு’னு விழும், தெரிஞ்சுதான் வாங்கணும். ஸ்போக் வீல் மாடல்ல டியூப் டயர், கருவேல முள் ஏறினா உடனே உக்காந்துரும். வீலைக் கழட்டி டியூபை எடுத்து ஒட்டணும்.

16 மே 2025 – வாடிப்பட்டி
வாபஸ் வாங்குற ஆளை இணையத்துல முதல் தடவையா பாக்கிறேன்.

2 ஜூன் 2025 – அவனியாபுரம்
ஸ்கூட்டரைப் பத்தி யாரும் பேசலையே? என் பொண்ணுக்கு 18 முடிஞ்சாச்சு. டவுனுக்குள்ளதான், வில்லாபுரம் வழியா 7 கிலோமீட்டர்.

2 ஜூன் 2025 – பத்துபன்னெண்டு
டவுனுக்குள்ள 7 கிலோமீட்டர்னா ஸ்கூட்டர்தான்கா, யோசிக்கவே வேண்டாம். சீட்டுக்கடியில பை, மழைக்கோட்டு எல்லாம் போகும். கால் வைக்கிற இடம் தட்டையா இருக்கு. சுடிதார் ஷால் பின் சக்கரத்துல சிக்குற ஆபத்து பைக்கை விடக் குறைவு. குறைவுதான், இல்லாம இல்ல. பின்னால உக்காந்து போறவங்க ஷாலை முன்னாடி முடிச்சுப் போட்டு உள்ள சொருகணும்.

உயரத்தை ஷோரூம்ல பாக்கும்போது செருப்போட உக்காந்து ரெண்டு குதிகாலும் தரையில படுதான்னு பாருங்க. விரல் மட்டும் பட்டா வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு எடுக்கச் சொல்லுங்க, மூணு தடவை. ஆக்டிவா 106 கிலோ, ஜெஸ்ட் 103 கிலோ, சீட் உயரம் 760 மில்லிமீட்டர். மூணு கிலோவுல என்னன்னு கேக்கலாம், நெருக்கமான பார்க்கிங்ல பின்னுக்கு இழுக்கும்போது தெரியும்.

சக்கர அளவைப் பாருங்க. ஆக்டிவாவுக்கு முன்னால 12 அங்குலம், பின்னால 10. ஜூபிட்டருக்கு ரெண்டும் 12. சின்னச் சக்கரம் குழிக்குள்ள முழுசா இறங்கும், பெரிய சக்கரம் விளிம்புல தாண்டும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடின தெருவுல இந்த வித்தியாசம் இடுப்புல தெரியும்.

காத்து: ஆக்டிவாவுக்கு முன்னால 22 பிஎஸ்ஐ, பின்னால தனியா போனா 29, ரெண்டு பேர்னா 36. பங்க்ல சொல்லாம விட்டா ரெண்டுக்கும் 35 அடிச்சு அனுப்புவாங்க. முன் டயர் கல்லு மாதிரி ஆகி ஈர ரோட்டுல வழுக்கும்.

பெல்ட் 24,000 கிலோமீட்டர்ல மாத்தணும். அறுந்தா எஞ்சின் ஓடும், வண்டி நகராது, தள்ளித்தான் வரணும். கிளம்பும்போது உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் வந்தா அது பெல்ட் இல்ல, கிளட்ச் ஷூவும் டிரம்மும் தூசி ஏறி வழவழன்னு ஆனது. பிரிச்சுச் சுத்தம் பண்ணினா பெரும்பாலும் சரியாயிரும். புதுப் பார்ட்ஸ் வாங்கிராதீங்க, முதல்ல பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க.

3 ஜூன் 2025 – பத்துபன்னெண்டு
விட்டுப்போனது: கம்பைண்ட் பிரேக். 125 சிசி வரைக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து கட்டாயம். இடது கைப் பிடியைப் பிடிச்சா பின் பிரேக்கோட முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அதனால வலது கை வேண்டாம்னு அர்த்தமில்ல, ரெண்டையும் பிடிச்சாத்தான் சொன்ன தூரத்துல நிக்கும். கேபிள் தளர்ந்தா இந்த முன்-பின் சேர்க்கை முதல்ல போகும். பிடிக்கு 10ல இருந்து 20 மில்லிமீட்டர் சும்மா ஆட்டம் இருக்கணும். அதுக்கு மேலன்னா டைட் பண்ணணும். ஆட்டமே இல்லேன்னா பிரேக் உரசிக்கிட்டே ஓடுது, மைலேஜ் போகும், டிரம் சுடும்.

9 ஜூன் 2025 – திருமங்கலம்காரன்
எக்ஸ்எல் இல்ல, 25 எலக்ட்ரிக் இல்ல. என் வழிக்கு ஸ்கூட்டரா, கியர் வண்டியா? ஒரே வரியில.

9 ஜூன் 2025 – பத்துபன்னெண்டு
100 சிசி கியர் வண்டி.

9 ஜூன் 2025 – பத்துபன்னெண்டு
ஒரு வரியில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அதனால காரணம்.

17, 18 அங்குலச் சக்கரம், கிராமத்து ரோட்டுக்கு அது. 55ல நாலாவது கியர்ல அலட்டாம ஓடும், டிராக்டரைத் தாண்ட 70 வரைக்கும் கையிருப்பு இருக்கும். எஞ்சின் நடுவுல இருக்கிறதால நாலுவழிச் சாலைக் காத்துல ஸ்கூட்டரை விட நேரா நிக்கும். செலவு: ஒரு நாளைக்கு 36, மாசம் 24 நாள், 864 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டிக்கு 14.4 லிட்டர், 45 கொடுக்கிற ஸ்கூட்டருக்கு 19.2 லிட்டர். லிட்டர் நூறு ரூபான்னு வைங்க, மாசம் 480 ரூபாய் வித்தியாசம்.

ஷைன் 100 எடை 99 கிலோ, ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. சீட் ரெண்டுக்கும் 785 மில்லிமீட்டர் பக்கம். ஒல்லிப் பையன்னா ஷைன் 100 கைக்கு அடங்கும். கிராமத்துல எந்தப் பட்டறையிலயும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிக்கணும், எந்தப் பெட்டிக்கடையிலயும் கேபிள் கிடைக்கணும்னா ஸ்ப்ளெண்டர், எச்எஃப் டீலக்ஸ். டயர்ல டியூப்லெஸ்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. முள் ஏறினா மெதுவாத்தான் காத்து இறங்கும், வீலைக் கழட்டாம அஞ்சு நிமிஷத்துல திரி சொருகிரலாம்.

கியர் போடுற முறை வண்டிக்கு வண்டி வேற. ஸ்ப்ளெண்டர்ல நாலும் முன்னால மிதிக்கிறது. சிலதுல ஒண்ணு கீழ, மத்தது மேல. கத்துக்கிற வண்டி, எட்டு போடுற வண்டி, வாங்குற வண்டி மூணும் ஒரே முறையில இருக்கட்டும். பதட்டத்துல கால் பழசைத்தான் செய்யும்.

10 ஜூன் 2025 – வாடிப்பட்டி
ஒரு வரி கேட்டவருக்கு நாலு பத்தி. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க, சைடு ஸ்டாண்டு. இப்போ வர்ற வண்டியில ஸ்டாண்டு இறங்கியிருந்தா எஞ்சின் நிக்கும். வண்டி செத்துப்போச்சுன்னு போன் வந்தா முதல் கேள்வி ‘ஸ்டாண்டை எடுத்தியா’. ரெண்டாவது கேள்வி, ஸ்டாண்டு மடங்குற இடத்துல இருக்கிற சென்சார்ல சேறு காஞ்சிருக்கா.

28 ஜூன் 2025 – திருமங்கலம்காரன்
பழைய வண்டி விக்கிற கன்சல்டிங்ல 2018 வண்டி ஒண்ணு 42,000 சொல்றாங்க. முதல் வண்டி, விழுந்து எந்திரிப்பான், பழசே போதும்னு வீட்டுல சொல்றாங்க.

28 ஜூன் 2025 – பத்துபன்னெண்டு
விழப்போறவனுக்குத்தான் நல்ல பிரேக் வேணும்ணே. 2018ன்னா கம்பைண்ட் பிரேக் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. பழசுன்னா 2019 ஏப்ரலுக்கு அப்புறம் தயாரானது பாருங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம்னா பிஎஸ் 6 புகை விதிப்படி வந்தது, கார்புரேட்டர் இல்ல, இன்ஜெக்டர்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ‘வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க’னு சொல்லுங்க. போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏற்கெனவே கிளப்பி வச்சிருக்காங்க, காரணம் இருக்கும். பச்சைத் தண்ணியா இருக்கிற எஞ்சின் ரெண்டு கிக்குல எந்திரிக்கணும்.

சாவி போட்டதும் மீட்டர்ல எஞ்சின் சின்னம் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையலேன்னா கோளாறு. எரியவே இல்லேன்னா அதை விட மோசம், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்காங்க.

ஓட்டிப் பாருங்க. ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்துல வந்து திரும்ப முறுக்கும்போது நீலப்புகை வந்தா ஆயில் எரியுது. நாலாவது கியர்ல 35ல சட்டுனு முறுக்குங்க. சத்தம் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சுது. ஆயில் குச்சியை எடுத்தா பால் காப்பி கலர்ல இருக்கக் கூடாது, தண்ணி போயிருக்கு.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவா இடம் வலம் திருப்புங்க. நடுவுல ‘டொக்’னு ஒரு பள்ளத்துல உக்காந்தா கோன் செட், அதாவது ஹேண்டில் பேரிங், போச்சு. மாத்துறது பெரிய செலவில்ல, ஆனா அதோட நாலுவழிச் சாலையில ஓட்டினா ஹேண்டில் அலையும். பின் சக்கரத்தைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, ஆடினா பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்மோட புஷ் போயிருக்கும், இல்லேன்னா வீல் பேரிங். செயின் பல்சக்கரத்தோட பல் கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா செயின் செட் முழுசா மாத்தணும். செயினை மட்டும் மாத்தினா ரெண்டு மாசத்துல புதுச் செயினையும் தின்னுரும்.

பத்தடி பின்னால நின்னு பாருங்க, ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல இருக்கான்னு. சேசிஸ் வளைஞ்ச வண்டியை எவ்வளவு பெயிண்ட் அடிச்சாலும் இந்த இடத்துல மாட்டும்.

டயர்ல நாலு எண் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கும். 3219ன்னா 2019ல 32ஆவது வாரம். பட்டன் புதுசா இருந்தாலும் ஆறு வருஷ ரப்பர் காஞ்சு போயிருக்கும். ரெண்டு டயர் விலையைப் பேரத்துல கழிங்க.

பேப்பர்: எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியில பாத்து ஆர்சியோட ஒப்பிடுங்க, கடைக்காரர் வாசிக்கக் கூடாது, நீங்க வாசிக்கணும். அரசாங்கத்தோட பரிவாஹன் வெப்சைட்ல நம்பர் போட்டா ஃபைனான்ஸ் இருக்கா, அபராதம் பாக்கி இருக்கா தெரியும். ஃபார்ம் 29ல ஓனர் கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது.

15 ஜூலை 2025 – பத்துபன்னெண்டு
திருத்தம், மேல கடைசி வரி. 29 மட்டும் பத்தாது. 29 விக்கிறவர் கொடுக்கிற தகவல், 30தான் பேர் மாத்த விண்ணப்பம், அதுல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். ஃபைனான்ஸ் இருந்திருந்தா ஃபார்ம் 35ம் பேங்க் என்ஓசியும். வேற ஆர்டிஓ எல்லை வண்டின்னா 28 தேவைப்படலாம். வாங்கினவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். இன்சூரன்சை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லிக் கேட்கணும், இல்லேன்னா உங்க வண்டி சேதத்துக்கு ஒண்ணும் வராது.

தேதியில்லாத, பேர் எழுதாத 29, 30ல கையெழுத்து வாங்கி வச்சு கைமாத்திக்கிட்டே போற வண்டி நிறைய இருக்கு. ஆர்சியில பேர் யாருக்கு இருக்கோ அவர் நேர்ல வந்தாத்தான் பணம்னு சொல்லுங்க. பாதி வண்டி அங்கேயே கழிஞ்சிரும்.

20 ஆகஸ்ட் 2025 – அவனியாபுரம்
பொண்ணுக்கு ஜூபிட்டர் எடுத்தாச்சு. ஷோரூம்ல ஹெல்மெட் கேட்டா ‘அது தனி’ன்னாங்க.

20 ஆகஸ்ட் 2025 – பத்துபன்னெண்டு
புது டூவீலரோட ஐஎஸ்ஐ ஹெல்மெட் கொடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 138லயே இருக்குக்கா. கேட்டு வாங்குங்க. ஆனா அதைப் பின்னால உக்கார்றவங்களுக்கு வைங்க, ஓட்டுறவங்களுக்கு அளவு பாத்து வாங்கணும்.

புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப் சுத்தி அளந்தா 56, 58ன்னு வரும், அதுதான் சைஸ். போட்டுக்கிட்டு தலையை வேகமா ஆட்டினா ஹெல்மெட் தனியா ஆடக் கூடாது. கன்னம் லேசா அமுங்கணும். வாரை மாட்டிக்கிட்டுப் பின்பக்கத்தைப் பிடிச்சு முன்னால தள்ளுங்க. கழண்டா அது தொப்பி. கருப்புக் கண்ணாடி வேண்டாம், சாயங்காலம் ஆறரைக்கு மேல குருடு. ஐஎஸ் 4151 எண் ஸ்டிக்கர்ல இருக்கணும். ரோட்டோரத்துல 300 ரூபாய்க்கு விக்கிறதுலயும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும், கட்டைவிரலால ஹெல்மெட்டை அமுக்கினாலே உண்மை தெரியும்.

5 செப்டம்பர் 2025 – வாடிப்பட்டி
திருமங்கலம் அண்ணே, புக் பண்ணிட்டீங்களா? பண்ணலைன்னா கொஞ்சம் பொறுங்க. 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18. 22ஆம் தேதி முதல்.

5 செப்டம்பர் 2025 – பத்துபன்னெண்டு
கணக்கு போட்டேன். 28 சதவீதத்தோட 70,000 இருந்த வண்டி, வரிக்கு முன்னாடி 54,700 பக்கம். 18 சேர்த்தா 64,500. அஞ்சாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் கம்மியா மிச்சம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சம் வரை விலை உள்ள புது வண்டிக்கு வாழ்நாள் வரி 10 சதவீதம், அதுக்கு மேலன்னா 12. விலை இறங்கினா அதுவும் இறங்கும். அந்தப் பணத்துல நல்ல ஹெல்மெட் ஒண்ணு, முழங்கை முழங்கால் கார்டு ஒண்ணு. நாலு மாசம் பஸ்சுல போனதுக்குக் கூலி கிடைச்சிருச்சு.

ஷோரூம் இன்சூரன்ஸ் சீட்டை வரி வரியாப் பாருங்க. புது வண்டிக்கு 5 வருஷ மூணாம் நபர் பாலிசி கட்டாயம். 2022 ஜூன் கட்டணப்படி 75ல இருந்து 150 சிசிக்கு 3,851, வரி தனி. அது எங்க வாங்கினாலும் ஒரே விலை. சொந்தச் சேத பாலிசி, ‘ஆக்சசரீஸ்’, ‘ஹேண்ட்லிங்’ இதுலதான் பேசணும். கிராஷ் கார்டும் சேலை கார்டும் போதும், மத்ததை அடிச்சுருங்க.

24 செப்டம்பர் 2025 – திருமங்கலம்காரன்
18 முடிஞ்சுது, எல்எல்ஆர் போட்டாச்சு. கியர் இல்லாத வண்டியில எட்டு போட்டா சுலபம்னு ஏஜென்ட் சொல்றார்.

24 செப்டம்பர் 2025 – பத்துபன்னெண்டு
சுலபம்தான், ஆனா கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் வரும். அப்புறம் ஷைனை ஓட்டினா லைசென்ஸ் இல்லாம ஓட்டின கணக்கு, 5,000 அபராதம். கியர் வண்டியில போட்டா ரெண்டையும் ஓட்டலாம். எல்எல்ஆர் தேதியில இருந்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட், 6 மாசம் வரைக்கும் செல்லும். முன்னும் பின்னும் வெள்ளையில சிவப்பு எல். பின்னால சொல்லிக்கொடுக்கிற லைசென்ஸ்காரர் தவிர யாரையும் ஏத்தக் கூடாது.

எட்டுக்கு: முதல் கியர், கிளட்ச் பாதி, ஆக்ஸிலேட்டர் ஒரே அளவு, பின் பிரேக்கை லேசா தொட்டபடி. முன் பிரேக்கை வளைவுல தொட்டா விழுவான். கண் சக்கரத்துல இல்லாம அடுத்த வளைவுல. கால் தரையில பட்டா திரும்ப வரணும்.

30 நாளும் எட்டே போட வேண்டாம். காலி மைதானத்துல 30ல வந்து ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சு நிறுத்தச் சொல்லுங்க, ஒரு நாளைக்கு இருபது தடவை. அப்புறம் 40. நின்ன இடத்துல கல் வைங்க. கல்லு நாளுக்கு நாள் கிட்ட வரும்.

27 அக்டோபர் 2025 – திருமங்கலம்காரன்
டெஸ்ட் பாஸ். வண்டி நாளைக்கு எடுக்கிறோம். என் பேர்லயா, அவன் பேர்லயா? லோன் என் பேர்ல.

27 அக்டோபர் 2025 – பத்துபன்னெண்டு
அவன் பேர்ல முடிஞ்சா அவன் பேர்ல. பாலிசியில வர்ற 15 லட்சம் விபத்துக் காப்பு ஓட்டுற ஓனருக்கு மட்டும். உங்க பேர்ல வண்டி, அவன் ஓட்டினா அது அவனுக்கு வராது. லோன் காரணமா உங்க பேர்லதான் முடியும்னா, அவனுக்குத் தனியா விபத்துப் பாலிசி ஒண்ணு எடுங்க.

மழை வேற. காஞ்ச ரோட்டுல முதல் கால் மணி நேரத் தூறல்தான் பெருமழையை விட வழுக்கும், தூசியும் எண்ணெயும் மேல மிதக்கும். ஜீப்ரா கோட்டு மேல பிரேக் வேண்டாம். உளுந்துக் களத்து மேல எப்பவுமே வேண்டாம்.

முதல் சர்வீஸ் புக்குல போட்டிருக்கிற கிலோமீட்டர், நாள், ரெண்டுல எது முன்னாடி வருதோ அப்போ. புதுச் செயின் முதல் 500ல நல்லா தளரும். நடுவுல தூக்கினா 20ல இருந்து 30 மில்லிமீட்டர் ஆடணும். முதல் சர்வீஸ் வரைக்கும் 50க்கு மேல போக வேண்டாம்னு சொல்லுங்க.

28 அக்டோபர் 2025 – திருமங்கலம்காரன்
அவன் பேர்லயே போட்டாச்சு. முதல் வேலையா அவங்க பாட்டி ரெண்டு சிப்பம் தவிடு கேட்டிருக்காங்க.

28 அக்டோபர் 2025 – வாடிப்பட்டி
அதுக்குத்தான் எக்ஸ்எல்.